மண்ணுக்கு அடியில் உள்ள சொத்து

வீட்டுக் கடன் கோரும் விண்ணப்பத்தோடு ஒரு பெரிய காகிதக் கட்டு வந்து சேர்கிறது. மூலப்பத்திரம், விற்பனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வழக்கறிஞரின் கருத்துரை, மதிப்பீட்டாளரின் அறிக்கை என அக்கட்டு ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்துவிடும். கடன் பிரிவில் பணிபுரியும் நாங்கள் அவற்றை வரி வரியாகப் படிக்கிறோம். நிலத்தின் பரப்பு, தளத்தின் பரப்பு, கட்டடத்தின் வயது, எஞ்சிய ஆயுள் ஆகிய அனைத்தும் அங்கே எழுதப்பட்டிருக்கும். குளியலறையிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடை வரை செல்லும் குழாய் எதனால் ஆனது, அது எந்தப் பக்கமாக எவ்வளவு ஆழத்தில் செல்கிறது, அதன் அருகில் எந்த மரம் நிற்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் அக்கட்டில் விடை இருப்பதில்லை. வாங்குபவர் கேட்பதில்லை; விற்பவர் சொல்வதுமில்லை.

கண்ணில் படாத பொருளுக்குக் கணக்கு எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. சுவரில் விரிசல் கண்டால் உடனே கொத்தனாரை அழைக்கிறோம். வண்ணம் மங்கினால் தீபாவளிக்குமுன் பூசிவிடுகிறோம். மண்ணுக்குள் இருக்கும் குழாயோ, ஒருநாள் கழிவறையில் நீர் பின்னோக்கி எழும்பும்வரை நினைவுக்கு வருவதில்லை. அன்று ஆளை அழைத்துத் தோண்டினால், குழாய்க்குள் பழுப்புநிறச் சடைபோல வேர் அடைந்து கிடக்கும். உடனே எல்லோருடைய பார்வையும் வாசலில் நிற்கும் மரத்தின்மேல் திரும்பும்.

அங்கேதான் எங்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு. குழாய்க்குள் வேர் புகுவது மரத்தின் குற்றமன்று, கட்டுமானத்தின் குறை. அக்குறையைத் தொடக்கத்திலேயே நீக்க ஆகும் செலவு, வீட்டின் மொத்த மதிப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. நீக்காமல் விட்டால் நேரும் இழப்பில் பெரும்பங்கு சில வேளைகளில் வீட்டுக்காரரைச் சேர்வதில்லை, முன்பின் அறியாத வேறொருவரின் குடும்பத்தைச் சேர்கிறது. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

வேருக்குக் கண்ணில்லை, மூக்கும் இல்லை. ஈரமும் காற்றும் ஊட்டமும் எந்தப் பக்கம் சிறிது மிகுதியாக இருக்கின்றனவோ அந்தப் பக்கம் அதன் நுனி வளைகிறது, அவ்வளவே. வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணைவிடச் சூடானது. அதன் ஆவி இணைப்புகளின் நுண்ணிய இடைவெளிகள் வழியே கசிந்து, குழாயின் வெளிப்புறத்தில் குளிர்ந்து ஈரமாகப் படிகிறது. குழாய் பதிப்பதற்காகத் தோண்டி மூடிய பள்ளத்தின் மண், ஒருபோதும் தோண்டப்படாத பக்கத்து மண்ணைப்போல இறுகியிருப்பதில்லை. ஆகவே தளர்ந்த மண், ஈரம், காற்று மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன. அந்தப் பள்ளத்தின் வழியே ஓடிவரும் வேர், குழாயை இடித்து உடைப்பதில்லை. பழுதில்லாத குழாயை அது பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். மயிரிழை அளவு திறப்பு ஒன்று கிடைத்தால் போதும், அதன் நுனி உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தபின் அதற்குக் குறையே இல்லை. உள்ளே கிளைத்து வலைபோலப் படரும். வெளியே பருத்து, நுழைந்த திறப்பையே ஆப்புபோலப் பிளக்கும். அந்த வலையில் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும், காகிதமும், கழிவறையில் போடக்கூடாத அணையாடைகளும் வந்து சிக்கும்போதுதான் அடைப்பு ஏற்படுகிறது.

அந்த மயிரிழைத் திறப்பு எங்கிருந்து வந்தது என்பதே அடிப்படைக் கேள்வி. நம் நாட்டுப் பெருநகரங்களில் சில பத்தாண்டுகளுக்குமுன் எழுந்த வீடுகளில் பெரும்பாலும் பளபளப்புப் பூச்சுள்ள சுட்டமண் குழாய்களே பதிக்கப்பட்டன. கொத்தனார்கள் அவற்றை ஸ்டோன்வேர் குழாய் என்பர். அமிலத்துக்கும் அழுகலுக்கும் அசையாத நல்ல பொருள் அது. குறை அதன் நீளத்தில் இருக்கிறது. பெரும்பாலும் 60 செ.மீ. நீளமுள்ள துண்டுகளாகவே அவை வரும். வீட்டிலிருந்து தெரு வரை 15 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். 25 துண்டுகள் வேண்டும். இரு முனைகளையும் சேர்த்தால் 26 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் தார் தோய்த்த சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவை பூசுவது முறை. மண் சிறிது அமிழ்ந்தாலும் வளையத் தெரியாத அந்தச் சிமெண்டுப் பூச்சு வெடித்துவிடும். தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகளானாலும், பெங்களூரின் ஜெயநகர், மல்லேஸ்வரம் போன்ற பகுதிகளானாலும், இந்த நிலையே பொது. ஒருபுறம் முதுமையடைந்த இணைப்புகள், மறுபுறம் முழுவளர்ச்சி அடைந்த மரங்கள். பெங்களூரில் 1980களில் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் முன்னின்று நடத்திய திட்டத்தின்கீழ் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. அக்கன்றுகள் இன்று நாற்பது வயது மரங்கள். அதே நாற்பது ஆண்டுகளில் அவற்றின் அருகிலுள்ள வீட்டுக் குழாய்களின் இணைப்புகளும் தளர்ந்திருக்கின்றன. இவற்றுள் தன் கடமையைச் செய்தது மரம் ஒன்றே.

மரத்தை வெட்டிவிட்டால் தீராதா என்று கேட்பவர் உண்டு. முதலில், சொந்த நிலத்தில் நிற்கும் மரமேயானாலும் விருப்பம்போல வெட்டச் சட்டம் இடம் தருவதில்லை. மகாராட்டிரத்தின் நகர்ப்புறங்களுக்கான மரப் பாதுகாப்புச் சட்டம் 1975இலும், கர்நாடகத்தின் சட்டம் 1976இலும், தில்லியின் சட்டம் 1994இலும் இயற்றப்பட்டன. இவற்றின்படி உரிய அலுவலரின் முன்அனுமதி வேண்டும். இரண்டாவதாக, வெட்டினாலும் தீர்வதில்லை. அரசும் ஆலும் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிர்க்காத மரத்தின் வேர்கள் மண்ணுக்குள் மட்கும்போது அவை இருந்த இடம் வெற்றிடமாகி, மண் அமிழ்ந்து, குழாயின் வாட்டம் கெடும். புணே, நாகபுரி போன்ற கரிசல் மண் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பெருமரம் நாள்தோறும் உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கிவிடுவதால், அந்த மண் உப்பித் தரையைத் தூக்கும். குழாயைக் காக்கவென்று மரத்தை வெட்டியவர், சுவரில் விரிசலை எதிர்கொள்வது இவ்வாறுதான்.

வீட்டைச் சுற்றி ஓர் அங்குல மண்கூடத் தெரியாதபடி சிமெண்டுத் தளமும் ஓடும் பதிக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மழைநீர் இறங்க வழியில்லாத தளத்தின்கீழ், வேருக்கு நீரும் காற்றும் கிடைக்கும் ஒரே இடம் குழாய்ப் பள்ளமாக இருந்தால் அது வேறெங்கே செல்லும்? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. மரத்தின் நலம் கருதிப் பிறந்த ஆணை அது. குழாயின் நலத்துக்கும் அதுவே ஏற்றது என்பது எங்கள் எண்ணம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம்.

அடைப்பு ஏற்பட்ட நாளில் வீட்டில் நிலவும் பரபரப்பை அறியாதவர் இல்லை. விருந்தினர் வந்திருப்பர், அல்லது மறுநாள் ஒரு விசேஷம் இருக்கும். தெருமுனையில் யாரையோ கேட்டு, எவரையோ அழைத்துவருகிறோம். மூங்கில் பிளாச்சும் இரும்புக் கம்பியும் பயன்படாதபோது, ‘உள்ளே இறங்கித்தான் பார்க்கவேண்டும்’ என்று ஒரு சொல் எழும். கூலி பேசப்படும். வீட்டுக்காரர் உள்ளே சென்று தேநீருக்குச் சொல்வார். ஆள்நுழைவுக் குழிக்குள்ளோ, கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ அந்த மனிதர் இறங்குவார். அழுகிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டையின் நாற்றமுடையது என்பது பலருக்கும் தெரியும். அடர்த்தி கூடும்போது அவ்வாயு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று எண்ணிய நொடியில் ஆள் சாய்ந்துவிடுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் சாய்கிறார். நாளிதழ்களில் நாம் படிக்கும் இத்தகைய செய்திகளில் இருவர், மூவர் என்று ஒன்றாக மடிவதன் காரணம் இதுவே.

2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இவ்வாறு பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் துப்புரவு செய்கையில் 377 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கை இது. கையால் கழிவகற்றும் பணியைத் தடைசெய்து 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 7ஆம் பிரிவு, உரிய பாதுகாப்பின்றி எவரையும் இப்பணியில் நேராகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தலாகாது என்கிறது. உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரிய தடையன்று அது. எந்த ஒரு நபருக்கும், அதாவது வீட்டுக்காரருக்கும் உரியது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் ரூபாய் என உயரும். உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2014இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

வணிகவியல் படித்தவர்களாதலால் எங்களுக்கு எல்லாவற்றையும் பேரேட்டின் இரு பக்கங்களாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் இந்தப் பதிவை எந்தப் பக்கத்தில் எழுதுவது? 26 இணைப்புகளைச் சரியாக அமைக்காமல் மிச்சம்பிடித்தவர் ஒருவர். இருபது ஆண்டு கழித்து அந்த மிச்சத்துக்காக மூச்சடைத்தவர் வேறொருவர். அவர் வேரை வளர்க்கவும் இல்லை, குழாயைப் பதிக்கவும் இல்லை.

ஆகவே ஒரு வீட்டில் அடைப்பு ஏற்பட்டால், எவரையும் குழிக்குள் இறக்குவதில்லை என்பதை மாறாத முடிவாகக் கொள்ள வேண்டுகிறோம். இன்று பெரும்பாலான நகரங்களில் உயர் அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி அடைப்பை அகற்றும் ஜெட்டிங் இயந்திரங்கள் உள்ளன. நகராட்சியிலும் குடிநீர் வடிகால் வாரியங்களிலும் அவை இருக்கின்றன, தனியாரிடமும் கிடைக்கின்றன. இப்பணிக்கென அமைந்த 14420 என்னும் உதவி எண்ணும் 2020இல் அறிமுகமாயிற்று. இயந்திரம் வர ஒருநாள் தாமதமானால், பக்கத்து வீட்டின் குளியலறையைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

வேர் புகுந்ததற்கான அடையாளங்கள் திடீரென்று தோன்றுவதில்லை. தரைத்தளக் குளியலறையில் நீர் மெதுவாக வடிவது, துணி துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும்போது பக்கத்துக் கழிவறையில் ‘குளுகுளு’ என்று ஒலி எழுவது, ஆண்டுதோறும் அதே இடத்தில் அடைப்பது, கோடையிலும் தோட்டத்தில் ஒரு கீற்று மட்டும் செழித்திருப்பது ஆகியவை முன்னறிவிப்புகள். கோடையில் மேல்மண் காயும்போது வேர் ஆழத்தின் ஈரத்தை நாடும் என்பதால், மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் இத்தொல்லை மிகுவதும் உண்டு.

கம்பியால் குத்தி அடைப்பை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. அது வேரின் நுனியைக் கத்தரித்துவிடுவது மட்டுமே. மருதாணி வேலியைக் கத்தரித்தால் அடர்ந்து துளிர்ப்பதுபோல, அறுபட்ட இடத்தில் வேர் மேலும் அடர்ந்து கிளைக்கும். அமிலத்தை ஊற்றுவது அதைவிடத் தீது. குழாய்க்குள் தொங்கும் இழைகளை அது கருக்கலாம். மண்ணிலுள்ள மூலவேரை ஒன்றும் செய்யாது. இணைப்பிலுள்ள சிமெண்டை மட்டும் நன்றாக அரித்துவிடும். தேங்கிய கழிவோடு அமிலம் கலந்தால் முன்சொன்ன நச்சு வாயு மிகுதியாக வெளிப்படும். மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவோரும் உளர். அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்தால், அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, குடியிருப்பு முழுவதும் நாற்றத்தில் மூழ்கும்.

செய்யத்தக்கது எது? அடைப்பு அகன்றதும், சிறு கேமராவைக் குழாய்க்குள் செலுத்திப் படமெடுக்கச் செய்யவேண்டும். எத்தனையாவது மீட்டரில் வேர் நுழைகிறது, அது ஓர் இணைப்பா பலவா என்பது தெரிந்துவிடும். ஓரிடம் மட்டுமே எனில் அந்த இடத்தைத் தோண்டி மாற்றலாம். பல இடங்கள் எனில் முழுக் குழாயையும் மாற்றுவதே நீண்ட நாளில் சிக்கனம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, தொகைகள் ஊருக்கு ஊர் மாறுபடும். அடைப்பெடுக்க ஒருமுறைக்கு 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு இருமுறை என்றால் பத்தாண்டில் 80,000 ரூபாய். குழாயை முழுதும் மாற்ற 60,000 ரூபாய் என்று கொண்டால், எட்டாம் ஆண்டு முடிவதற்குள் அச்செலவு ஈடாகிவிடுகிறது. அடைப்பெடுப்பது வருவாயினச் செலவு. குழாயை மாற்றுவது முதலினச் செலவு. முன்னதைச் சிறிது சிறிதாகச் செய்துகொண்டே இருப்பவர், பின்னதைக் கண்டு அஞ்சுகிறார். ஒரே தொகையாகப் பார்க்கும்போது எழும் அச்சம் அது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வுபெற்ற ஆசிரியை, குளியலறையில் ஈரம் ஊறுகிறதென்று இருமுறை தரை ஓடுகளை மாற்றினார். மூன்றாவது முறை கடன் கேட்டு வந்தபோது, தரைக்கு அடியில் இருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். பார்த்தபோது தெருவோரத்து மழைமரத்தின் வேர் குழாயின் பாதியை நிரப்பியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது 12 மீட்டர் குழாயே தவிர, ஓடுகள் அல்ல.

புதிதாகக் கட்டுவோருக்குப் பணி எளிது. பி.வி.சி. குழாய்கள் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கின்றன. முன்சொன்ன 15 மீட்டருக்கு மூன்று துண்டுகள் போதும். முனைகளைச் சேர்த்தாலும் நான்கே இணைப்புகள். ஆனால் சுவரோரமாக மேலிருந்து இறங்கும் சாம்பல்நிறக் குழாயையே மண்ணுக்குள்ளும் தொடர்ந்து பதித்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. மண்ணின் எடையைத் தாங்குவதற்கெனத் தனியே ஐ.எஸ். 15328 என்னும் இந்தியத் தரக் குறியீட்டில் குழாய்கள் உள்ளன. குழாயின்மேல் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். குழாயின்கீழ் மணலைப் பரப்பி உருளைக்கற்கள் குத்தாமல் அமைப்பதும், வாட்டத்தை நூல்பிடித்துப் பார்ப்பதும் அவசியம். 100 மி.மீ. குழாய்க்கு 40க்கு 1, 150 மி.மீ. குழாய்க்கு 60க்கு 1 என்பது பழைய பொறியாளர்களின் கணக்கு, இன்றும் பிழையில்லாதது. திருப்பங்களிலும் கிளை சேரும் இடங்களிலும் ஆய்வுத் தொட்டி, அதாவது ‘சேம்பர்’, இருக்கவேண்டும். மண்ணை மூடுமுன் குழாயில் நீரை நிரப்பி, முனையை அடைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தாகவேண்டும். இதைப் பெரும்பாலான மேஸ்திரிகள் தாமாகச் செய்வதில்லை. உரிமையாளர் உடனிருந்து கேட்டால் செய்வார்கள். நீர் கசியாத இணைப்பில் வேரும் நுழையாது.

எந்த மரத்தை எங்கே வைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகியவை ஒரே குடும்பம். தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் ரப்பர் செடியும் அக்குடும்பத்ததே. தரையில் இறக்கிவைத்தால் அதன் உண்மை உருவம் சில ஆண்டுகளில் தெரியும். இவற்றைச் சிறு மனையில் வைப்பதே பொருந்தாது. மழைமரமும் குல்மொகரும் சாலைக்கும் பூங்காவுக்கும் உரியவை. வேம்பு வேண்டுமெனில் குழாயிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வைக்கலாம். சிறு மரங்களுக்கு 3 மீட்டர் போதும். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவளமல்லி, சீத்தா ஆகியவை வீட்டோரத்துக்கு இசைந்தவை. தென்னையைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். அதன் வேர் கயிறுபோல நீண்டாலும் மற்ற மரங்களின் வேரைப்போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. ஆகவே குழாயைப் பிளக்கும் வலிமை குறைவு. திறந்து கிடக்கும் இணைப்பில் அதுவும் நுழையும் என்பதை மறுக்கவில்லை. ஏற்கெனவே பெருமரம் நிற்குமானால், மரத்துக்கும் குழாய்க்கும் இடையே தடித்த பாலிஎத்திலின் தகட்டை மூன்றடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறக்கி வேரைத் திசைதிருப்பலாம். அதற்காகப் பருத்த வேர்களை அடிமரத்தின் அருகில் அறுத்துவிடலாகாது. காற்றில் மரம் சாய்ந்தால் குழாயை நினைத்துப் பார்க்க நேரமிருக்காது.

இனி எங்கள் தொழில் சார்ந்த சில சொற்கள். அடுக்குமாடி வீடு வாங்குவோர், 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை நினைவில் கொள்ளவேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ, வசதிகளிலோ குறை தெரிந்து அதைக் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யவேண்டும். ஐந்தே ஆண்டுகளில் குழாய்க்குள் வேர் வந்துவிட்டால் அது இணைப்பின் குறை என்று வாதிடுவதற்கு இடமிருக்கிறது. அதனால்தான் நான்காம் ஆண்டு முடிவதற்குள் ஒருமுறை கேமராப் படம் எடுத்துவைப்பது குடியிருப்போர் சங்கத்துக்கு நல்லது என்கிறோம். மகாராட்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க மாதிரி விதிகளில், கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.75 விழுக்காடு பராமரிப்புக்கும், 0.25 விழுக்காடு ஒதுக்கு நிதிக்கும் குறையாமல் வசூலிக்க வழி செய்யப்பட்டுள்ளது. பெயின்ட் அடிப்பதற்கும் விளக்கலங்காரத்துக்கும் முதலிடம் தரும் சங்கக் கூட்டங்களில், இந்த நிதியின் ஒரு பகுதி நிலத்தடிக் குழாய்க்கு என்று ஒருவராவது எழுந்து சொல்லவேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் கவனத்துக்கு ஒன்று. வாடகை வருவாயைக் கணக்கிடுகையில் வருமான வரிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அக்கழிவு உண்டு. அக்கழிவைப் பெற்றுக்கொண்டு, அடைப்பெடுக்கும் செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவதை எங்களால் நியாயமென்று சொல்லமுடியவில்லை. சொந்தக் குடியிருப்புக்குப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அதன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. காப்பீட்டை நம்பியிருப்பவர்கள், அது திடீர் இடருக்கு உரியது என்பதை அறியவேண்டும். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்த வேருக்கும் தேய்ந்த இணைப்புக்கும் இழப்பீடு எதிர்பார்ப்பதற்குமுன் பத்திரத்தின் விலக்குகளை ஒருமுறை படிப்பது நல்லது.

வங்கிகளும் தம் பங்கைச் செய்யலாம் என்பது எங்கள் கருத்து. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தனிவீட்டுக்குக் கடன் வழங்கும்போது, மதிப்பீட்டாளரின் படிவத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயின் பொருள், வயது, ஆய்வுத் தொட்டிகளின் எண்ணிக்கை என்று மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும். கடனை மறுப்பதற்காக அன்று. வாங்குபவர் தாம் எதை வாங்குகிறார் என்று அறிவதற்காக. இன்னும் படிவமா என்று சக அலுவலர்கள் முகம் சுளிக்கக்கூடும். விலையைக் குறைத்துப் பேச ஒரு காரணம் கிடைத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கமாட்டார்.

படிவம் வரும்வரை காத்திராமல், பருவமழைக்கு முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. தெருவுக்கு அருகிலுள்ள ஆய்வுத் தொட்டியின் மூடியைத் திறந்து, கால் மணி நேரம் விலகி நிற்கவேண்டும். குழந்தைகளை அருகே விடலாகாது, தீக்குச்சி கொளுத்தலாகாது, தலையையோ கையையோ உள்ளே நீட்டலாகாது. பிறகு வீட்டின் கடைக்கோடிக் குளியலறையில் மஞ்சள்தூள் கரைத்த நீரை இரண்டு வாளி ஒரே மூச்சில் ஊற்றச்சொல்லி, டார்ச் விளக்கின் ஒளியில் தள்ளி நின்று பார்க்கலாம். மஞ்சள் நீர் அரை நிமிடத்துக்குள் வேகமாக வந்து விழுந்தால் வழி தெளிவாக இருக்கிறது. தயங்கித் தயங்கி, தவணை தவணையாக வந்தால் நடுவில் ஏதோ தடுக்கிறது. நீர் வடிந்தபின் குழாயின் வாயில் பழுப்புநிற இழைகள் தொங்குவதைக் கண்டால், மூடியை மூடிவிட்டு, மழை தொடங்குமுன் ஜெட்டிங் இயந்திரத்துக்கும் கேமராவுக்கும் சொல்லிவைக்கலாம்.